வெயிலில் ஓடும் கைக்கடிகாரம்: ஒரு மொத்த வியாபாரியின் கணக்கு



பருப்பு விலை, வற்றல் வரத்து, வரிக் கணக்கு என்று எழுதி வந்த நான் இந்த முறை ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "அண்ணாச்சிக்கு வயதான காலத்தில் என்ன ஆசை வந்துவிட்டது?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். கடிகாரம் என்னுடையது அல்ல. பத்து நாள் என் கையில் கிடந்தது, அவ்வளவுதான். அந்தப் பத்து நாளில் ஒரு வியாபாரி என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முடிவில் நம் கடைகளுக்குப் பயன்படும் ஒரு செய்தியும் இருக்கிறது.

என் சொந்த ஊர் பாஞ்சாலங்குறிச்சி. கடை தூத்துக்குடியில். ஆண்டுதோறும் மே மாதம் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கு எங்கே இருந்தாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவோம். அந்த மாதத்து வெயிலைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கட்டபொம்மன் கோட்டைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பத்து நிமிடம் நின்றுவிட்டு நிழல் தேடுவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில் கப்பலில் என்ஜினியராக வேலை பார்க்கும் என் தங்கை மகன் வந்து சேர்ந்தான். கையில் கறுப்பாக ஒரு கடிகாரம்.

"மாமா, இதுக்குச் சாவியும் கிடையாது, பேட்டரி மாத்துற வேலையும் கிடையாது. நம்ம ஊரு வெயிலு போதும்" என்றான்.

"வெயில்ல ஓடுமா? அப்ப நம்ம ஊருக்குன்னே செஞ்சிருக்கான்" என்றேன்.

"நான் சர்டிபிகேட் வேலையா சென்னை போறேன். திரும்பி வர பத்து நாளாகும். அதுவரைக்கும் உங்க கையில கெடக்கட்டும் மாமா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

பார்வைக்கு எப்படி?

சரக்கு வந்தால் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். அப்படியே பார்த்தேன். டேக் ஹோயர் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் தயாரிப்பு. 1860-ல் தொடங்கப்பட்ட பழைய கம்பெனி. இந்த மாடலுக்கு அக்வாரேசர் சோலார்கிராஃப் என்று பெயர். 2022-ல் வெளிவந்தது. 40 மில்லி மீட்டர் அகலம். எஃகு உடம்பின்மேல் கறுப்புப் பூச்சு. முகப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பட்டை உள்ள வளையம். மேலே கீறல் எளிதில் விழாத சபையர் கண்ணாடி. ரப்பர் வார். 200 மீட்டர் ஆழத்துக்கு உரிய நீர் அழுத்தத்தைத் தாங்கும் என்று தரம் குறித்திருக்கிறார்கள்.

தங்கம் இல்லை, கல் பதிக்கவில்லை. கல்யாண வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கையில் எடுத்ததும் வேலைப்பாடு தெரிகிறது. வளையத்தைத் திருப்பினால் டிக், டிக் என்று ஒவ்வொரு பல்லாக உட்காருகிறது. எந்த இடத்திலும் ஆட்டம் இல்லை. நல்ல தராசில் தட்டு வந்து நிற்கும் பாருங்கள், அந்த நிதானம்.

வெளிவந்தபோது அமெரிக்காவில் 3,000 டாலரை ஒட்டிய விலை. நம் பணத்தில் அன்றைக்கே இரண்டே கால் லட்சத்துக்குக் குறையாது. விலையைக் கேட்டதும் நான் அதை மேஜைமேல் மெதுவாக வைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

வெயில் கடிகாரம் என்றால் முகப்பில் கறுப்புச் சில்லுகள் பளபளவென்று தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முகப்புத் தகடே ஓரளவு ஒளியை உள்ளே விடும் பொருளால் ஆனது. அதற்கு அடியில் ஒளியை மின்சாரமாக மாற்றும் சில்லு இருக்கிறது. அந்த மின்சாரம் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறக்கூடிய ஒரு சிறிய பேட்டரியில் சேருகிறது. பேட்டரி குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைக்கிறது. அது ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த அதிர்வை எண்ணித்தான் முள் நகருகிறது.

நேரடி வெயிலில் 2 நிமிடம் இருந்தால் ஒரு நாள் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. 20 மணி நேரத்துக்கும் குறைவான வெயிலில் முழுச் சார்ஜ் ஏறிவிடும். முழுச் சார்ஜ் இருந்தால் இருட்டிலேயே கிடந்தாலும் 6 மாதம் ஓடும். நின்றுபோனால் 10 வினாடி ஒளி பட்டாலே மீண்டும் நகரத் தொடங்கும். பேட்டரியின் ஆயுள் 15 ஆண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை உப்பளத்தை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். வெயில் எல்லோருக்கும் பொது. பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, நேரம் பார்த்து வாருகிறவனுக்குத்தான் அது உப்பாகிறது. மழைக்காலத்தில் உப்பு விளையாது. ஆனால் கோடையில் வாரி அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடி வைத்தவன் மழைக்காலத்திலும் விற்கிறான். இந்தக் கடிகாரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. முகப்புக்கு அடியில் இருப்பது பாத்தி. பேட்டரிதான் அம்பாரம். வெயில் இலவசம், பாத்தி இலவசம் இல்லை. அந்தப் பாத்திக்குத்தான் விலை.

பத்து நாள் சோதனை

முதல் இரண்டு இரவு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். காலையில் எடுத்தால் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் வைத்துப் பார்க்க எனக்கு வழியில்லை. செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு வைத்தேன். பத்து நாளும் என் கண்ணுக்குத் தெரிந்து வித்தியாசம் இல்லை.

விடியற்காலை நாலரை மணிக்கு லாரி வந்து மூடை இறக்கும்போது கட்டிக்கொண்டு நின்றேன். தெருவிளக்கு எட்டாத இடத்திலும் முள் ஒளிர்ந்து நேரம் தெரிந்தது. பகலில் உப்பளத்து நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனபோதும் கழற்றவில்லை. அந்த வெள்ளை வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் நானும், சந்தோஷமாகக் கடிகாரமும் இருந்தோம். குறை என்று சொன்னால் ரப்பர் வாருக்கு அடியில் வேர்வை தேங்கி அரிப்பு எடுத்தது. கடற்காற்றும் உப்பு வேர்வையும் எஃகையே தின்னக்கூடியவை. யார் எந்தக் கடிகாரம் கட்டினாலும், தண்ணீர் புகாத வகை என்றால் இரவில் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைப்பது நல்லது. கழுவும் முன் பக்கத்துத் திருகு இறுக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் என்ற அளவில் இருக்கும். டியூப்லைட் போட்ட கடைக்குள் 300 முதல் 500 லக்ஸ்தான். அதாவது வெயிலில் சில நிமிடங்களில் ஏறுவது கடை வெளிச்சத்தில் பல மணி நேரம் பிடிக்கும். முழுக்கைச் சட்டைக்குள் மறைந்துவிட்டால் அதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது வெயிலைக் காட்ட வேண்டும். நம்மில் பலர் காலை ஆறு மணிக்குக் கடைக்குள் நுழைந்து இரவு பத்து மணிக்கு வெளியே வருகிறவர்கள். கடிகாரத்துக்காகவாவது வெயிலில் நிற்பது உடம்புக்கும் நல்லதுதான்.

போட்டிக்காரன் பங்காளியான கதை

இந்தக் கடிகாரத்துக்குப் பின்னால் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வியாபார வரலாறு இருக்கிறது.

நம் நாட்டில் கைக்கடிகாரத்தைச் சாதாரண மனிதனிடம் கொண்டு சேர்த்தது எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில் உதவியோடு பெங்களூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பள்ளியில் தேறியவனுக்கும் மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. கட்டிவிடுவது ஒரு மரியாதையாக இருந்தது. பெரும்பாலும் சாவி கொடுக்கும் கடிகாரம். என் தகப்பனார் கட்டியிருந்த ஜனதா இன்றும் என்னிடம் ஓடுகிறது.

இதற்கிடையே 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானின் செய்க்கோ கம்பெனி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல்சக்கரக் கடிகாரத்தில் உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த சுவிட்சர்லாந்துக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளைவு என்ன? பதினைந்து ஆண்டுக்குள் அந்த நாட்டுக் கடிகாரத் தொழிலில் இருந்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாக நடந்த பட்டறைகள் மூடப்பட்டன.

சூரிய ஒளியில் ஓடும் கைக்கடிகாரத்தை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரோஜர் ரீல் என்பவர் செய்து காட்டினார். நேரத்தை எண்ணாகக் காட்டும் கடிகாரம் அது. முள் வைத்த கடிகாரத்தில் அதைச் செய்தது சிட்டிசன், 1976-ல். முகப்புக்கு அடியில் சில்லை மறைத்து வைத்து, 1995-ல் ஈகோ டிரைவ் என்ற பெயரில் உலகம் முழுவதும் கொண்டுபோனதும் அதே கம்பெனிதான்.

நம் தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்தது. குவார்ட்ஸ்தான் எதிர்காலம் என்று அவர்கள் முதலிலேயே கணித்தார்கள். 2011-ல் எச்.டி.எஸ்.இ. என்ற பெயரில் ஒளியில் ஓடும் கடிகாரங்களையும் வெளியிட்டார்கள். மாறாக, எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடுவதென்று மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. பழைய பெயர் மட்டும் ஒரு கடையைக் காப்பாற்றாது என்பதற்கு இது சான்று.

இப்போது நம் கதைக்கு வருவோம். மருமகனின் சுவிஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் இயந்திரத்தைச் செய்வது லா ஜூ பெரே என்ற சுவிஸ் நிறுவனம். அந்த நிறுவனத்தை 2012-ல் வாங்கியது யார் தெரியுமா? சிட்டிசன். யாரால் தொழில் நசிந்ததோ அவர்களிடமே நுட்பத்தைப் பெற்றுத் தன் பெயரில் நல்ல விலைக்கு விற்கிறது சுவிஸ் கம்பெனி. சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, கம்ப்யூட்டரில் ஆர்டர் எடுக்கிறான் என்று நாம் புலம்புகிறோம். எதிரில் நிற்பவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது எது, நம்மிடம் மட்டும் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கும் புத்தி நமக்கும் வேண்டும்.

வாட்ச் கடைக்காரரின் தீர்ப்பு

எங்கள் கடைத்தெருவில் நாற்பது ஆண்டாகக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர் உண்டு. நாலடிக்கு மூன்றடி இடம். கடிகாரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். பின் மூடியில் கை வைக்கவே இல்லை.

"நல்ல சாமான் அண்ணாச்சி. ஆனா இதுல எனக்கு வேலை இல்லை" என்றார்.

வருத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உறைத்தது. செல்போன் வந்த பிறகு கடிகாரம் கட்டுகிறவர்களே குறைந்துவிட்டார்கள். அவருக்கு இன்றைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி பேட்டரி மாற்றுவதுதான். அதுவும் இல்லாத கடிகாரம் வந்துவிட்டால்?

அவரே ஒரு நுட்பத்தையும் சொன்னார். "பேட்டரிக் காசு மிச்சம்னு சொல்லுவாங்க. அது பெருசில்லை. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்தா உள்ள இருக்குற ரப்பர் வளையம் கெடும். சரியா உக்காரலைன்னா தண்ணி புகும். இதைத் திறக்கவே வேண்டாம் பாருங்க, அதுதான் லாபம். அதுக்காகத் தண்ணில போட்டுக்கிட்டே இருக்கலாம்னு நினைச்சுராதீங்க. ரப்பருக்கும் வயசாகும். சில வருஷத்துக்கு ஒருக்கா சோதிக்கணும்."

இது தொழில் தெரிந்தவர் சொல். விளம்பரத்தில் வராது. திரும்பி வரும்போது என் ஜனதாவுக்குப் புது வார் ஒன்று அவரிடம் வாங்கிக் கட்டினேன். பழைய வார் நன்றாகத்தான் இருந்தது.

200 மீட்டர் என்றதும் எனக்கு நம் கடற்கரைக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் நம் ஆட்கள் இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை இறங்கிச் சிப்பி அள்ளினார்கள். மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 9 முதல் 18. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அவர்கள் கையில் கடிகாரம் கிடையாது. மூச்சுதான் கணக்கு. படகில் கயிறு பிடித்து நிற்பவன்தான் கடிகாரம். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போகும். 200 மீட்டர் தாங்கும் கடிகாரத்தை இன்று வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் 2 மீட்டர்கூட இறங்குவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்து மூடை தாங்கும் வண்டியில் இரண்டு மூடை ஏற்றினால் அச்சு முறியாது என்ற நிம்மதிக்குத்தான் அந்தக் காசு.

பில் இல்லாமல் தொடாதீர்கள்

நம் கடற்கரையில் வெளிநாட்டுக் கடிகாரம் என்றால் ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்தது. 1960, 70-களில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. இரவில் தோணியில் வந்து இறங்கிய சரக்குகளில் கடிகாரமும் ஒன்று. என் தகப்பனாரிடம் ஒருவர் பாதி விலைக்கு ஒரு சுவிஸ் கடிகாரத்தை நீட்டினார். "பில் இருக்கா?" என்று கேட்டார் அப்பா. "நல்ல சரக்குய்யா, பில் எதுக்கு?" என்றார் வந்தவர். "நல்ல சரக்குக்குத்தான்யா பில்லு வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடத்தல் சரக்கு என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரி கைப்பற்றினால், அது கடத்தல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. ஆகவே வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் கொண்டுவரும் விலை உயர்ந்த கடிகாரத்துக்கு வாங்கிய ரசீதும் விமான நிலையத்தில் வரி கட்டிய ரசீதும் கட்டாயம் இருக்க வேண்டும். என் மருமகன் இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான். அதைப் பார்த்தபோதுதான் அந்தக் கடிகாரத்தின்மேல் எனக்கு முழு மதிப்பு வந்தது.

உள்நாட்டில் வாங்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தண்டம் வாங்குகிறவருக்கு. கடிகாரத்துக்கு மட்டும் அல்ல, நம் சரக்குக்கும் இதே சட்டம்தான்.

வாங்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு பேட்டரி. எங்கள் கடைத்தெருவில் ஒரு தடவைக்கு நூறு, இருநூறு ரூபாய். 15 ஆண்டுக்குக் கூட்டினாலும் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. அதை மிச்சம் பிடிக்க இரண்டே கால் லட்சம் யாரும் போடமாட்டார்கள். அந்தப் பணம் என் கடையில் மாதம் ஒரு சுற்று வந்து நூற்றுக்கு மூன்று நின்றால் மாதம் 6,750 ரூபாய்.

வெயிலில் ஓடும் வசதி மட்டும் வேண்டும் என்றால் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்கே நல்ல ஜப்பான் கடிகாரங்கள் கிடைக்கின்றன. மீதி விலை வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும். உழைத்துச் சேர்த்தவன் ஆசைக்கு ஒன்று வாங்குவதில் தப்பில்லை. என் மருமகன் பதவி உயர்வு வந்த ஆண்டில் தன் சேமிப்பில் வாங்கினான். அது அவன் உரிமை. நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். லாபத்தில் வாங்குங்கள். முதலில் கை வைக்காதீர்கள். தவணையில் வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு, சரக்குக்காரனிடம் தவணை சொல்லாதீர்கள்.

இரண்டு வினாடித் தாண்டல்

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

மருமகன் திரும்பி வந்து கடிகாரத்தை வாங்கிக்கொள்ளும்போது, "சார்ஜ் தீர்ந்தா திடீர்னு நின்னுருமா?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "வெயில்ல ஓடுற கடிகாரம் பலதுல ஒரு ஏற்பாடு உண்டு மாமா. சார்ஜ் கொறைஞ்சா வினாடி முள்ளு ஒவ்வொரு வினாடியா நகராது. ரெண்டு வினாடிக்கு ஒரு தாண்டு தாண்டும். மணி சரியாத்தான் காட்டும். ஆனா முள்ளு தாண்ட ஆரம்பிச்சா வெயில்ல வையின்னு அர்த்தம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் பதினெட்டு ஆண்டு என்னிடம் சரக்கு எடுத்தார். திங்கள்கிழமை தவறாமல் வந்து பழைய பாக்கியைக் கட்டிவிட்டுப் புதுச் சரக்கு ஏற்றுவார். என் மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து பந்தலில் நின்றவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கள்கிழமை அவர் வரவில்லை. அடுத்த திங்கள் வந்து இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் கட்டினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஒரு திங்கள் விட்டு ஒரு திங்கள். தொகை ஒரு ரூபாய் குறைந்ததில்லை. கணக்கு நேராக இருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

முள் தாண்டிக்கொண்டிருந்தது. நான் மணியை மட்டும் பார்த்தேன்.

ஏழெட்டு மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டார். கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லில் காவல் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் பேரேட்டில் 86,000 ரூபாய் நின்றுபோனது. நான் கேட்டு ஆள் அனுப்பவில்லை. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த முதல் திங்கள்கிழமையே, "என்ன அண்ணாச்சி, ஆளைக் காணோம்? வீட்ல யாருக்கும் சுகமில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். பின்னால் கேள்விப்பட்டேன், மனைவியின் வைத்தியத்துக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். விற்காத சரக்கைத் திருப்பி எடுத்திருக்கலாம். இரண்டு மாதத் தவணை கொடுத்திருக்கலாம். பெரிய பாக்கெட்டை நிறுத்திச் சின்னச் சரக்கோடு ஓட்டச் சொல்லியிருக்கலாம். பதினெட்டு ஆண்டு நடந்த கடை ஒருவேளை பிழைத்திருக்கும்.

வணிகச் சகோதரர்களே, பாக்கி நின்ற பிறகு விசாரிப்பது வசூல். முள் தாண்டும்போதே விசாரிப்பதுதான் வியாபார உறவு. வாரம் வந்தவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறாரா? நேரில் வந்தவர் ஆள் அனுப்புகிறாரா? மூடையாக எடுத்தவர் கிலோவாக எடுக்கிறாரா? கணக்கு சரியாக இருக்கும்போதே இவற்றைக் கவனியுங்கள். சில்லறை வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கஷ்டம் வந்தால் மொத்த வியாபாரியிடம் முகம் மறைக்காதீர்கள். வந்து சொல்லுங்கள். நாங்களும் உங்களை வைத்துத்தான் பிழைக்கிறோம்.

கடிகாரம் மருமகனோடு கப்பலுக்குப் போய்விட்டது. என் கையில் பழையபடி அப்பாவின் ஜனதா. அதற்குத் தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் சாவி கொடுத்து முடித்ததும் பேரேட்டை எடுத்து ஒரு புரட்டுப் புரட்டுகிறேன். வழக்கமான நாளைத் தாண்டியவர் பெயருக்கு நேராகப் பென்சிலில் ஒரு புள்ளி. அன்றைக்கே அவருக்கு ஒரு போன். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்கிறேன்.